அரை மணி

பொம்மனஹள்ளி வார்டு ஆபீசுக்குப் பின்னால்
குழந்தைகள் காப்பகம் திறந்திருக்கிறார்கள்.
பலகையில் உள்ள கன்னடம் எனக்கு முழுசாக வராது.
எண்கள் வரும், பஸ் பிடித்துப் பிடித்துப் பழகியவை.
ஒன்பதரை முதல் ஆறு வரை.
அதற்குக் கீழே சிவப்பில் ஒரு சொல்: உசித.
நம் வாயில் அது தகுந்தது, சரியானது.
இங்கே இலவசத்துக்கும் அதுதான் பெயர் என்று
பக்கத்து மெஷின் நாகவேணி சொன்னாள்.

கம்பெனி கேட்டை ஒன்பதுக்குச் சாத்துவார்கள்.

பிள்ளையின் அப்பா ராத்திரி ஷிப்ட்,
எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்து சேர
பத்தாகும். வந்தால் செருப்போடு தூங்குவார்.

அரை மணி.
அரை மணியில் நான் நாற்பது காலர் தைப்பேன்.
மூன்று நாள் தாமதித்தால் அரை நாள் சம்பளம் போகும்.
அந்த அரை மணி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள
மேல்வீட்டு ஷாகிரா முப்பது ரூபாய் வாங்கினாள்.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை,
அவள் உருட்டும் ஊதுபத்தி அதுவரை நின்றுபோகிறது.
மாதம் எழுநூற்று எண்பது.
இலவசத்தின் விலை எழுநூற்று எண்பது என்று
ரேஷன் கார்டு உறையின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

வார்டு கூட்டத்தில் கை தூக்கினேன்.
சாக்கடை, தெருவிளக்கு, நாய், மறுபடி சாக்கடை,
பிறகு நான்.
தமிழ் ஒட்டிய கன்னடத்தில்
'அர்த கண்டெ சார்' என்றேன்.
அதிகாரி நல்லவர்தான்,
தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டார்.
ஆணையில் ஒன்பதரை என்றுதான் இருக்கிறதம்மா.
ஆணை மேலிடத்திலிருந்து வருகிறது.
கேட் நேரம் கம்பெனியிலிருந்து வருகிறது.
என் மகள் எங்கிருந்து வருகிறாள் என்று
யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காப்பகத்து ஆயா புட்டலட்சுமியிடம்
சண்டைக்கே போனேன்.
கொஞ்சம் முன்னால் வந்தால் என்ன குறைந்துவிடும்?
அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு
கோபமில்லாமல் சொன்னாள்:
வீட்டுக்காரருக்கு ஒரு கை ஒரு கால் இழுத்துவிட்டது.
ஒருக்களித்துப் படுக்கவைத்து, துடைத்து,
முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட்டு, கஞ்சி ஊட்டி
ஒன்பதேகாலுக்குத்தான் வீட்டுக் கதவைச் சாத்த முடிகிறது.
ஆள் வைக்கலாம். ஐயாயிரம் கேட்கிறார்கள்.
எனக்கு இவர்கள் தருவதே ஆறு.

ஒரே அரை மணிதான் அது.
நான் தெருத்தெருவாய்த் தேடியதை
அவள் தினமும் ஒரு முதுகின் மேல் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எட்டு ஐம்பதுக்கு
மிதுலாவை அவள் வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிறேன்.
கட்டிலருகே உட்கார்ந்து
அவர் இடக்கையால் ஆட்டும் மாத்திரை டப்பாவுக்குச்
சிரிக்கிறாளாம்.
ஒருநாள் அவர் கஞ்சியில் பாதி இவள் குடித்துவிட்டாள்.
ஞாயிற்றுக்கிழமை நான் போய் அவர் போர்வைகளைத் துவைக்கிறேன்.
வெந்நீர் என்னுடையது, சோப்பு அவளுடையது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது
அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.
மனிதாபிமானம் என்றால் இது, என்றார்.
எல்லோரும் கை தட்டினார்கள்.
சாக்கடைக்காரர்கூட.

நான் மறுபடி கை தூக்கினேன்.
சார், அப்படி எழுதிவிடாதீர்கள்.
அன்பு என்று எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள்.
அரை மணி என்று எழுதுங்கள்.
ஒன்பதுக்கு முன்னால் கதவு திறக்க ஒரு ஆள்,
அவள் வீட்டில் அவரைப் புரட்டிப் போட ஒரு ஆள்,
ரெண்டு பேருக்கும் என்ன சம்பளம் என்று எழுதுங்கள்.

கன்னடத்திலேயே எழுதுங்கள், பரவாயில்லை.
எனக்கு எண்கள் வரும்.